ஏதுப்போலி

மலையில் நெருப்பு இருக்கிறது. எப்படித் தெரியும்? புகை தெரிகிறது. புகை இருந்தால் நெருப்பு இருக்குமா? இருக்கும், அடுக்களையைப் பாருங்கள்.

தத்துவம் முதுகலை படித்த இரண்டு வருடத்தில் இதை முப்பது தடவையாவது எழுதியிருப்போம். அசைன்மென்ட்டில், உள்தேர்வில், செமஸ்டரில், வாய்மொழித் தேர்வில். அனுமானம் என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மலை, புகை, அடுக்களை என்று வரிசையாக வந்து விழும். மணிமேகலையில் அறவண அடிகளும் இதே மலையையும் இதே அடுக்களையையும்தான் காட்டுகிறார். அதனால் இந்தப் பாடம் வந்தால் எங்களுக்குத் தமிழ்ப் பெருமையும் கொஞ்சம் தலைக்கேறும். பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று தர்க்கப் பிழைகளுக்கு அங்கே உள்ள பெயர்களை கேண்டீன்வரை கொண்டுபோனோம். டீக்காசு கொடுக்காமல் நழுவப் பார்ப்பவன் சொல்லும் சாக்குக்கு எங்கள் வட்டத்தில் 'ஏதுப்போலி' என்று பெயர். டீ மாஸ்டருக்கே அந்த வார்த்தை பழகிப்போயிருந்தது.

வகுப்பில் ஒன்பது பேர். பி.ஏ.வில் தத்துவம் படித்தவர் ஒருவர்கூட இல்லை. இயற்பியல், ஆங்கில இலக்கியம், பி.காம்., ஒரு சிவில் என்ஜினீயர். இரண்டு பேர் யுபிஎஸ்சி விருப்பப் பாடத்துக்காக வந்தவர்கள். சிலபஸ் சின்னது என்று கோச்சிங் சென்டரில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஒருவர் குரூப் ஒன் தேர்வுக்குப் படிக்கச் சென்னையில் ஹாஸ்டல் இடம் வேண்டும் என்பதற்காகவே சேர்ந்தவர், அதை மறைத்ததும் இல்லை. நான் திருவாரூர் பக்கம். வீட்டில் எட்டு மா நிலம், அதில் பாதி குத்தகைக்கு விட்டது. ஊர் எது என்று கேட்டால் 'டெல்டா' என்பேன். சென்னையில் அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை இருந்தது.

இதை எழுதுவது நான்தான். ஆனாலும் 'நாங்கள்' என்றே எழுதப்போகிறேன். மற்ற எட்டுப் பேரில் ஆறு பேருக்குப் போனில் படித்துக் காட்டினேன். ஒருவர், "உன் பேர்ல போட்டுக்க, என்னைய எதுக்கு இழுக்கிற?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அன்றைக்கு அந்த வராந்தாவில் அவரும் நின்றிருந்தார்.

சுயவிமர்சனம் என்ற சொல்லை எங்களுக்குக் கொண்டுவந்தவர்கள் மாணவர் சங்கத் தோழர்கள். அவர்கள் கூட்டங்களில் கடைசி அஜெண்டா 'விமர்சனம், சுயவிமர்சனம்'. பெரும்பாலும் அதற்குள் டீ வந்துவிடும்; அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார்கள். எங்களுடையதும் அப்படித் தள்ளிப் போனதுதான்.

அறிவு வருகிற வழிகளில் எங்களுக்குப் பிடித்தது அனுமானம். பிடிக்காதது சப்தம், அதாவது பிறர் சொல்லித் தெரிந்துகொள்வது. சிவஞான சித்தியார் அளவைகளைப் பத்தாக எண்ணிவிட்டு, காண்டல், கருதல், உரை என்று மூன்றுக்குள் அடக்குகிறது. அந்த மூன்றாவதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். வேதம், ஆகமம், பெரியவர்கள் வாக்கு. பகுத்தறிவு பேசும் மண்ணில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை என்ற நினைப்பு. என் பிறந்த தேதியே அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவும் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக ஐந்து மாதம் கூட்டிப் போட்டது. இது ஏனோ அப்போது உறைக்கவில்லை.

நியாய சூத்திரத்துக்குப் பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர், யார் சொல்லை நம்பலாம் என்ற இடத்தில் 'ஆப்தன்' யார் என்று சொல்கிறார். பொருளை நேராக அறிந்தவன்; அறிந்ததை அறிந்தபடியே சொல்ல நினைப்பவன். அதோடு விடவில்லை. இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்கிறார். ஏறக்குறைய 1,500 வருடங்களுக்கு முந்தைய உரை. ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டார். நாங்களும் நோட்டில் அடிக்கோடு போட்டோம். ஐந்து மார்க் கேள்வி. மிலேச்சன் என்றால் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிரேக்கனாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஆசிரியரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் கையில் கொடுத்தார். நாங்கள் மடித்து வைத்துவிட்டோம்.

இரண்டாம் வருடம் மிராண்டா ஃபிரிக்கரைப் படித்தோம். 'எபிஸ்டெமிக் இன்ஜஸ்டிஸ்', 2007-இல் வந்த புத்தகம். ஒருவர் சொல்வதை, சொல்பவர் இன்னார் என்ற முன்முடிவினாலேயே குறைத்து நம்புவது அநீதி. அறிகிறவர் என்ற தகுதியிலேயே அவருக்கு இழைக்கப்படும் அநீதி என்பது வாதம். அவர் விரித்துப் பேசும் உதாரணம் ஹார்ப்பர் லீயின் நாவலில் வரும் டாம் ராபின்சன். அலபாமாவில் ஒரு நீதிமன்றம், வெள்ளையர்கள் மட்டுமே உட்கார்ந்த ஜூரி, கூண்டில் ஒரு கறுப்பர். உண்மையைத்தான் சொல்கிறார், நம்ப மறுக்கிறார்கள். செமினாரில் அந்தக் காட்சியைத் திரைப்படத்திலிருந்தே போட்டுக் காட்டினோம். கிரிகரி பெக் பேசி முடித்தபோது பின் பெஞ்சில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அலபாமா எங்களுக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தது.

அதே செமஸ்டரில் கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் எழுதிய 'தி கிராக்டு மிரர்' புத்தகத்துக்கு ஒருவர் கட்டுரை படிக்க வேண்டும். அனுபவம் ஒருவருடையது, அதைக் கோட்பாடாக்கும் உரிமை இன்னொருவருடையதா என்று மல்லுக்கு நிற்கும் புத்தகம். தலைப்புகளைப் பிரித்தபோது ஒரே குரலில் சொன்னோம்: "மச்சி, இத நீ எடுத்துக்க." வகுப்பில் இருந்த ஒரே தலித் மாணவரைப் பார்த்து. அன்பாகத்தான் சொன்னோம், அதுதான் கூச்சமாக இருக்கிறது. அவர், "எனக்குக் காண்ட் வேணும்" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. "இது உனக்கு ஈஸியா வருமேடா" என்றோம். "காண்டும் ஈஸியா வரும்" என்றார். காண்டைத்தான் எடுத்தார், நன்றாகவும் செய்தார். எங்களுக்கு மனத்தாங்கல். 'தி கிராக்டு மிரர்' கட்டுரையை நான் படித்தேன். பதினெட்டு ஸ்லைடு, கடைசி ஸ்லைடில் நன்றி. அனுபவம் உள்ளவர்கள் அனுபவத்தைத் தர வேண்டும், கோட்பாட்டை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற வேலைப் பிரிவினையைக் கோபால் குரு அந்தப் புத்தகத்தில் வெளுத்து வாங்கியிருக்கிறார். அதைப் படித்துக் கட்டுரை எழுதிய நாங்கள், அந்த வேலைப் பிரிவினையைச் செய்து முடித்துவிட்டுத்தான் படிக்கவே உட்கார்ந்தோம்.

அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி நடத்தியது ராயப்பேட்டையிலிருந்து. ஹாஸ்டலிலிருந்து ஒரே பஸ். அவரைத் தத்துவவாதி என்று சொல்லலாமா என்று ஒரு மாலை விவாதித்தோம். அவர் எழுதியதில் ஒரு பக்கமாவது படித்துவிட்டு விவாதித்திருக்கலாம்.

வெண்மணிக்கு வருகிறேன்.

வெண்மணி எங்களுக்குத் தெரியாதா? தெரியும். அதுதான் கேவலம். 1968 டிசம்பர் 25, 44 பேர். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். 'அசுரன்' படத்தில் குடிசைகள் எரியும் இடத்தில் ஹாஸ்டல் டிவி ஹாலே அமைதியானது. இது வெண்மணியை ஞாபகப்படுத்துகிறது என்று ஒருவர் சொல்ல, "ஆமா, ஆமா" என்றோம். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' படித்தவர்கள் எங்களில் மூன்று பேர். சாகித்திய அகாதெமி வாங்கிய நாவல். பண்ணையாரின் ஆண்மைக்குறையைக் கொண்டு அவருடைய கொடூரத்தை விளக்குவது சரியா என்று ஃப்ராய்டை இழுத்துவந்து ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டோம். நல்ல சண்டை. என்ன கூலி கேட்டார்கள் என்று அந்த ராத்திரியில் ஒரு வாய்கூடக் கேட்கவில்லை.

அரைப்படி நெல். கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள் என்றுதான் எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வது.

அரைப்படிக்காகவா இவ்வளவு என்று தோன்றும். அரைப்படிக்காக மட்டும் இல்லை. கீழத் தஞ்சையில் பண்ணையாள்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலத்தில், 1940-களில், பி.சீனிவாசராவ் போன்றவர்கள் வந்து சேரி சேரியாகச் சங்கம் கட்டினார்கள். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அறுபதுகளில் புது நெல் ரகங்கள் வந்து விளைச்சல் கூடியது. கூடியதில் பங்கு கேட்டார்கள் அறுத்தவர்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார்கள். செங்கொடியை இறக்கு, அந்தச் சங்கத்தை விட்டு எங்கள் சங்கத்துக்கு வா என்றார்கள். கொடி இறங்கவில்லை. அரைப்படிக்குப் பின்னால் நின்றது அந்தக் கொடிக்கம்பம்.

அன்று மாலை நடந்த மோதலில் மிராசுதார்கள் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்டார். இரவில் அடியாட்கள் சேரிக்குள் புகுந்தார்கள். ஓட முடிந்தவர்கள் வயலில் இறங்கி ஓடினார்கள். ஓட முடியாதவர்கள், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள், ராமையா என்பவரின் குடிசைக்குள் ஒண்டினார்கள். அந்தக் குடிசை எரிக்கப்பட்டது. அண்ணா முதலமைச்சராக இருந்த நேரம். பிறகு கணபதியா பிள்ளை கமிஷன் வந்தது, 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற பஸ்ஸில் நான் நூறு தடவையாவது போயிருப்பேன். கீழ்வேளூர் ஸ்டாப்பில் கடலை வாங்கியிருக்கிறேன். அங்கிருந்து வெண்மணி பக்கம்தான். டிசம்பர் 25 அன்று சிவப்புக் கொடி கட்டிய வேன்கள் அந்த ரோட்டில் வரிசையாகப் போகும். "இன்னைக்கு டிராஃபிக்டா" என்போம். வேளாங்கண்ணிக்குப் போகிற கிறிஸ்துமஸ் கூட்டத்தோடு அதையும் சேர்த்து.

கோர்ஸ் முடிந்து ஊரில் சும்மா இருந்த மே மாதத்தில்தான் மைதிலி சிவராமன் எழுதியவற்றைப் படித்தேன். அமெரிக்காவில் படித்து, ஐ.நா.வில் வேலை பார்த்துவிட்டு, திரும்பி வந்தவர். வெண்மணிக்குப் போய், அங்கே மிச்சமிருந்தவர்கள் சொன்னதை உட்கார்ந்து கேட்டு எழுதியவர். 2021-இல் கொரோனாவில் இறந்தபோது நாளிதழில் படம் பார்த்த ஞாபகம் இருந்தது; யாரோ கம்யூனிஸ்ட் அம்மா என்று பக்கத்தைத் திருப்பியிருந்தேன். அவருடைய கட்டுரைகள் வழியாகத் தீர்ப்புக்கு வந்தேன்.

1970-இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம், நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் வேறு சிலருக்கும் பத்தாண்டு கடுங்காவல் விதித்தது. மேல்முறையீட்டில், 1973-இல், சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மாலையில் நடந்த கொலைக்காகத் தொழிலாளர்கள் தண்டனை அனுபவித்தார்கள். இரவில் எரிந்த 44 பேருக்காக உள்ளே இருக்க வேண்டியவர்கள் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த வருடம் மே மாதம் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் வந்த கட்டுரைக்கு 'ஜென்டில்மென் கில்லர்ஸ் ஆஃப் கீழ்வெண்மணி' என்று தலைப்பு. கனவான்கள் என்று சும்மா கிண்டலுக்கு வைக்கவில்லை. தீர்ப்பில் அதற்கு இடம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லாரும் மிராசுதார்கள். பெரும் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள். ஒருவர் காரே வைத்திருப்பவர். அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்கிற பொருளில் ஓர் இடம். பார்த்ததாகச் சொன்னவர்களின் சொல் நிற்கவில்லை. கார் நின்றது.

பழக்கதோஷம், உடனே கையில் பென்சிலை எடுத்து அனுமான வாக்கியமாகப் பிரித்தேன். இவர் தீ வைக்கவில்லை. ஏன்? கார் இருக்கிறது. கார் உள்ளவர் நடந்து போய்த் தீ வைக்க மாட்டார், எதைப் போல? மலைக்கு அடுக்களை இருக்கிறது. இதற்கு அடுக்களை எது? திட்டாந்தமே கிடையாது. ஏதுப்போலியிலும் கடைந்தெடுத்த ஏதுப்போலி. கேண்டீனில் டீக்காசுக்குச் செலவழித்த வார்த்தை.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடினேன். தீர்ப்பை நினைத்து மூடவில்லை. அந்த வாதத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எங்கள் ஹாஸ்டல் வராந்தாவில், எங்கள் வாயால்.

இரண்டாம் வருடம், தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். எங்களில் ஒருவர் தேர்வுக் கட்டணத்துக்காக மெத்தைக்கு அடியில் கவரில் வைத்திருந்த 4,500 ரூபாய் காணோம். ரூமில் மூன்று பேர். இவர், ஊருக்குப் போயிருந்த இன்னொருவர், வேறு துறையில் படித்த மூன்றாமவர். காலையில் வராந்தா கூட்டி, ரூம் திறந்திருந்தால் ரூமையும் கூட்டிவிட்டுப் போகும் அக்கா ஒருவர் உண்டு. கான்ட்ராக்ட் ஆள். அவரைக் கூப்பிட்டோம்.

"நான் அந்த ரூமுக்கே போகல தம்பி. பூட்டிருந்துச்சு."

கையில் துடைப்பம் இருந்தது. கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா, யாரும் ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்றோம். மரியாதையாகத்தான் கேட்டோம். அக்கா என்று கூப்பிட்டோம். திரும்பத் திரும்ப அதையே சொன்னார், பூட்டிருந்துச்சு. அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தபோது, பார்த்தியா, குரல் உயருது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உயராமல் இருந்திருந்தால் அதையும் ஒரு சாட்சியாக எடுத்திருப்போம்.

அப்போது காண்ட் எடுத்த நண்பர் கேட்டார்: "மொதல்ல ஏன் அவங்களக் கூப்பிட்டீங்க? ரூம்ல இருந்தவனக் கேட்டீங்களா?"

பதில் எல்லாருக்கும் ஒன்றாக வந்தது. "அவன் எடுப்பானாடா? அவங்க வீட்ல ரெண்டு கார் நிக்குது."

வார்டனிடம் சொன்னோம். போலீஸ் வேண்டாம், பாவம் என்றோம். அதில் எங்களுக்கு ஒரு திருப்தியும் இருந்தது. திங்கட்கிழமை வேறொரு அம்மா கூட்ட வந்தார். அந்த வாரமே ஃபிரிக்கர் பாடம் ஆரம்பித்தது. சாட்சியத்தில் நம்பகத்தன்மை பற்றி ஆளுக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதினோம்.

ஏப்ரலில் கடைசி இரவு. பிரியாணி, பாட்டு, ஆட்டோகிராஃப். அந்த மூன்றாமவர் வந்து உட்கார்ந்து, "டேய், அந்தக் காசு நான்தான்டா எடுத்தேன். பாண்டிச்சேரி போனேன்ல, அதுக்கு. திருப்பி வெக்கலாம்னு பார்த்தேன், மறந்துட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டே. பணம் போனவர் "பாவி" என்று தலையணையால் அடித்தார். நாங்கள் சிரித்தோம். இதை மழுப்பாமல் எழுத வேண்டும்: வாய்விட்டுச் சிரித்தோம். அந்த அக்காவைப் பற்றி அன்று ராத்திரி ஒரு வார்த்தை வரவில்லை. காண்ட் எடுத்தவர் மட்டும் எழுந்து கை கழுவப் போனார். போனவர் திரும்பி வரவில்லை என்பதைக் கவனித்தோம். ஊருக்குப் போகிற சோகம் என்று நினைத்தோம்.

மே மாதம் அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: 'நாம சொன்ன டயலாக் அம்பது வருஷம் முன்னாடியே ஹைகோர்ட்ல சொல்லியிருக்காங்க.' நீல டிக் வரிசையாக விழுந்தது. ஒரே ஒரு பதில் வந்தது, காண்ட் எடுத்தவரிடமிருந்து: 'உங்களுக்கு இப்பதான் தெரியுதா?'

மறுவாரம் ஹாஸ்டல் ஆபீஸுக்கு போன் செய்தேன். கான்ட்ராக்டர் மாறிவிட்டார் என்றார்கள். எந்த அம்மா, பெயர் என்ன என்று கேட்டார்கள். ஒன்றரை வருடம் தினமும் பார்த்த முகம். மற்ற எட்டுப் பேரிடமும் விசாரித்தேன். ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. ஒருவர் போனில் நம்பர் மட்டும் இருந்தது, 'கிளீனிங் அக்கா' என்று. அடித்துப் பார்த்தேன், வேறு யாரோ எடுத்தார்கள்.

ஒரு தீர்ப்பையும் ஹாஸ்டல் திருட்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று, நான் படித்துக் காட்டிய ஆறு பேரில் இரண்டு பேர் கேட்டார்கள். வைக்க முடியாது. அங்கே 44 உயிர். இங்கே 4,500 ரூபாயும் ஒருவருடைய வேலையும். எடைக்கல்லே வேறு. ஆனால் தராசு ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. உயர் நீதிமன்றத்தில் அதைப் பிடித்தவர்களுக்குச் சட்டம் தெரியும். வராந்தாவில் பிடித்த எங்களுக்கு வாத்ஸ்யாயனரே தெரியும். ஆப்தனின் இலக்கணம் எல்லாருக்கும் பொது என்று அடிக்கோடு போட்டுப் படித்தவர்கள். எங்களுக்குச் சாக்குக் குறைவு.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. வெண்மணி நினைவு நாளுக்கு மறுநாள். இரண்டு வருடம் கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. செய்தி வந்த ஐந்தாவது நிமிடம் எங்கள் குழுவில் ஒருவர், "பார்த்தியா, அவங்களேதான்" என்று போட்டார். நான்கு பேர் கட்டை விரலை உயர்த்தினார்கள். நான் உயர்த்தவில்லை, மறுத்தும் எழுதவில்லை. அந்த ஊர் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு பேட்டியாவது பார்த்துவிட்டுப் பேசலாம் என்றுகூடச் சொல்லவில்லை. அப்போது அக்கா விஷயமும் தெரியாது, தீர்ப்பும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். அதுவும் ஓர் ஏதுப்போலி.

இதையெல்லாம் எழுதுவதில் உள்ள சுகம் எனக்குத் தெரிகிறது. நல்ல கட்டுரை என்று நாலு பேர் சொல்வார்கள். வெண்மணியும் அக்காவும் சேர்ந்து எனக்கு இன்னொரு பேப்பராகிவிடலாம், பதினெட்டு ஸ்லைடோடு. காண்ட் எடுத்தவரிடம் இதைச் சொன்னபோது, "எழுதறதா இருந்தா எழுது. எங்கிட்ட அப்ரூவல் கேக்காத" என்றார். அதனால் ஆறு பேரில் அவர் இல்லை.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் அப்பாயி தாழ்வாரத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் ஊர் வெண்மணிக்கு மேற்கே நாலு மைல் இருக்கும். எங்கள் தெருவுக்கும் ஆள்கள் தெருவுக்கும் நடுவே ஒரு வாய்க்கால், அன்றும் அதேதான். இருபத்துநாலு வருடம் இந்த வீட்டில் வளர்ந்தும் இதுவரை கேட்காததைக் கேட்டேன்.

"அப்பாயி, வெண்மணி எரிஞ்சப்ப நீ எங்க இருந்த?"

"எங்க இருப்பேன், இங்கதான். ஒங்க பெரியப்பா கைப்புள்ள."

"தெரிஞ்சுச்சா?"

"கெழக்க வானம் செவந்து தெரிஞ்சுச்சு. பொகையும் வந்துச்சு. யாரு வைக்கப்போரோ பத்திக்கிட்டு எரியுதுன்னு ஒங்க தாத்தா சொன்னாங்க. படுத்துட்டோம்."

புகை தெரிந்திருக்கிறது. நெருப்பு என்றும் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

"மறுநாளு?"

"மறுநாளு ஆளுவ யாரும் வேலைக்கு வரல. அப்பத்தான் வெவரம் தெரியும். நம்ம நடவுக்கு வர்ற பொண்ணு ஒருத்தி, அவ அக்காளை அந்த ஊருலதான் குடுத்திருந்துச்சு." பெயரைச் சொன்னாள். அக்காள் பெயரையும் சொன்னாள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் இரண்டு பெயரும் நாக்கில் இருந்தன. "பத்து நாள் கழிச்சு வந்தா. கொல்லப் பக்கம் உக்கார வச்சுக் கஞ்சி ஊத்துனேன். குடிச்சா, போயிட்டா."

"அக்காளுக்கு என்ன ஆச்சு?"

"நான் கேக்கல."

ஒரு கொத்தை உருவி, காம்பை முறத்துக்கு வெளியே போட்டாள். அடுத்த கொத்தை எடுத்தவள் உருவாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அவளும் ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. அப்புறம் கீவளூர்ப் பக்கமே போயிட்டான்னாங்க. இருந்தா எம் வயசுதான் இருக்கும்."